மலைப்பாதையில கார் ஓட்டுறீங்களா? வண்டிய எடுக்கும் முன்னாடி ஸ்டீரிங்க சரி பண்ணுங்க!

தேனி:

தேனி மாவட்டத்தில் கார், ஜீப் ஓட்டுபவர்களுக்கு மலைப்பாதை தினசரி சமாச்சாரம். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு ஏறும் பாதை, கம்பம்மெட்டு பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு பாதை என எந்தப் பக்கம் கேரளாவுக்கு போனாலும் மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

டயர், பிரேக், டீசல் எல்லாம் பார்க்கிற டிரைவர்களில் பலர், தாங்கள் உட்காரும் சீட்டும் பிடிக்கிற ஸ்டீரிங்கும் தங்கள் உடம்புக்கு பொருந்தியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. முந்தின ஆள் எப்படி வைத்துவிட்டுப் போனாரோ, அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

கடந்த 2022-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி இரவு, சபரிமலைக்கு போய்விட்டு ஊர் திரும்பிய ஆண்டிபட்டி பகுதி அய்யப்ப பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் கவிழ்ந்து 8 பேர் பலியானார்கள். அந்த விபத்துக்கும் ஸ்டீரிங் உயரத்துக்கும் முடிச்சு போட முடியாது. ஆனால் இந்தப் பாதைகளில் ஒரு வளைவில் கை பிசகினால் என்ன ஆகும் என்பதை மாவட்டமே அன்று பார்த்தது.

வளைவில் என்ன நடக்கிறது?

நேர் ரோட்டில் ஸ்டீரிங்கை லேசாக அசைத்தால் போதும். கொண்டை ஊசி வளைவில் அப்படி இல்லை. ஏறக்குறைய முழுசாக ஒடித்து, உடனே திருப்பிவிட வேண்டும்.

ஸ்டீரிங் தூரமாக இருந்தால், அதை ஒடிக்கும்போது முதுகு சீட்டை விட்டு எழும்பும். அந்த நேரத்தில் டிரைவர் ஸ்டீரிங்கை பிடித்து தொங்குகிற மாதிரி ஆகிவிடும். ரொம்ப கிட்ட இருந்தால் முழங்கை விலாவில் இடிக்கும். தாழ்வாக இருந்தால் தொடையில் தட்டும். மேலே தூக்கி இருந்தால் தோள்பட்டை கடுக்கும்.

ஒரு வளைவில் இது பெரிசாக தெரியாது. அடுத்தடுத்து வளைவு வரும்போது கை சோர்ந்துவிடும். சபரிமலை சீசனில் ராத்திரி முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு கேட்கவே வேண்டாம்.

முதல்ல சீட்டு, அப்புறம் ஸ்டீரிங்

பலர் செய்வது தலைகீழ். ஸ்டீரிங்கை முதலில் தூக்கி இறக்கிவிட்டு, பிறகு சீட்டை நகர்த்துகிறார்கள். சரியான வரிசை இதுதான்.

1. வண்டியை சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட வேண்டும். ஓடும்போது சீட்டையோ ஸ்டீரிங்கையோ தொடவே கூடாது.

2. இடுப்பு சீட்டின் பின்பக்கத்தோடு ஒட்டும்படி நன்றாக தள்ளி உட்கார வேண்டும். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

3. கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பார்க்க வேண்டும். முழுசாக மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட்டை முன்னால் இழுக்க வேண்டும்.

4. அடுத்து சாய்மானம். படுத்த மாதிரி ஓட்டக் கூடாது. தோள் இரண்டும் சீட்டில் பட்டபடி கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். விரல்தான் எட்டுகிறது என்றால் தூரம் அதிகம். முழங்கை கிட்ட வந்துவிட்டது என்றால் ரொம்ப நெருக்கம்.

5. கடைசியாகத்தான் ஸ்டீரிங். அதன் தண்டுக்கு அடியில் லீவர் இருக்கும். ஒரு கையால் ஸ்டீரிங்கை தாங்கிப் பிடித்துக்கொண்டு லீவரை விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வண்டிகளில் பொத்தென்று தொடையில் விழும். மீட்டர் முழுசாக தெரிய வேண்டும், தொடைக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவே கை தாராளமாக போய் வர வேண்டும். அந்த உயரத்தில் லீவரை பழையபடி இறுக்கிவிட வேண்டும்.

6. இறுக்கிய பிறகு ஸ்டீரிங்கை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது முக்கியம். அசைந்தால் லீவர் சரியாக பூட்டவில்லை என்று அர்த்தம். திரும்பவும் பூட்டியும் ஆடினால் மெக்கானிக்கிடம் காட்டாமல் மலை ஏறக் கூடாது.

உட்காரும் நிலை மாறிவிட்டதால் கண்ணாடிகளையும் கடைசியில் ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும்.

ஒரு சாணுக்கு மேல்

2019-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அந்த ஏர்பேக் ஸ்டீரிங்கின் நடுவில்தான் மடித்து வைக்கப்பட்டுள்ளது. மோதினால் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். நெஞ்சை ஸ்டீரிங்கில் ஒட்டிக்கொண்டு ஓட்டினால், காப்பாற்ற வேண்டிய ஏர்பேக்கே விலாவை முறித்துவிடும்.

நெஞ்செலும்புக்கும் ஸ்டீரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 10 அங்குலம் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க அரசின் சாலை பாதுகாப்பு அமைப்பு. சுமார் 25 சென்டிமீட்டர். நம்ம கணக்கில் ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதல்.

ஸ்டீரிங்கின் நடுப்பகுதி டிரைவரின் முகத்தைப் பார்த்து இருக்கக் கூடாது, நெஞ்சைப் பார்த்து இருக்க வேண்டும். சீட் பெல்ட் போடாவிட்டால் இந்த அளவு எதுவும் உதவாது. கடிகாரத்தில் 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடத்தில் கை இருப்பது நல்லது.

உயரம் குறைந்தவர்கள், குறிப்பாக பெண்கள், ரோடு தெரியவில்லை என்று சீட்டை முன்னால் இழுத்து ஸ்டீரிங்கோடு ஒட்டிக்கொள்கிறார்கள். சீட் உயரத்தை கூட்டும் வசதி இருந்தால் முதலில் அதை பயன்படுத்த வேண்டும். இல்லை என்றால் நழுவாத, கெட்டியான குஷன் போடலாம். முதுகுக்கு குஷன் வைத்தால் உடம்பு முன்னால் தள்ளும் என்பதால், அந்த ஒரு சாண் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும்.

ஜீப்புக்கு என்ன வழி?

மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், பழைய ஜீப் போன்றவற்றில் ஸ்டீரிங் ஒரே இடத்தில் நிற்கும். ஏற்றி இறக்க முடியாது. இதில் சீட்டை நகர்த்துவது ஒன்றுதான் வழி.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி பகுதிகளில் இருந்து விடியற்காலையில் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் போகின்றன. முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஆள் நெருக்கினால், அவர் ஒருக்களித்து உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டி வரும். வளைவில் முழங்கை மடக்க இடம் இருக்காது. அங்கே எந்த லீவரும் உதவாது. முன் சீட்டில் ஒரு ஆளை குறைப்பதுதான் ஸ்டீரிங்கை சரி செய்வது.

இதையும் கவனிங்க

நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீரிங் கோணலாக நின்றால் அது லீவர் பிரச்சினை இல்லை. வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். லூசான ஸ்டீரிங் கவர் வளைவில் கையோடு சுற்றிவிடும். அதை கழற்றிப் போடுவது மேல்.

ஆக்டிங் டிரைவர்கள் கூச்சப்படக் கூடாது

ஆக்டிங் டிரைவராக போகிறவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. ஓனர் வைத்திருக்கும் சீட்டை மாற்றினால் கோபித்துக்கொள்வாரோ என்று அப்படியே ஓட்டிவிடுவார்கள். ஓனர் ஆறடி, டிரைவர் ஐந்தே கால் அடி என்றால் குமுளி போய் வருவதற்குள் கழுத்தும் முதுகும் போய்விடும். மறுநாள் வேலைக்கு போக முடியாமல் நஷ்டப்படுவதும் அவர்தான்.

காருக்குள் இருக்கிற குடும்பத்தின் உயிர் அவர் கையில் இருக்கும்போது இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. சாவியை கொடுக்கும்போதே, "அண்ணே, சீட்டு, ஸ்டீரிங்க எல்லாம் உங்களுக்கு தோதா வச்சுக்கங்க" என்று ஓனர்களே சொல்லிவிடலாம். இதற்கு காசு செலவில்லை, இரண்டு நிமிஷம் போதும்.