லைன் வீட்டில் மனம் தெளிய

ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பனியன் கம்பெனி டெய்லர் காலை 8.30-க்கு மெஷினில் உட்கார்ந்தால், வீட்டுக்குக் கிளம்ப இரவு 8.30 ஆகிவிடும். டீக்கும் சாப்பாட்டுக்கும் வெளியே வரும்போதுதான் வெயில் கண்ணில் படும். மற்ற நேரமெல்லாம் டியூப் லைட். வீடு திரும்பினால் அங்கேயும் அதே டியூப் லைட். வீட்டை அலங்கரித்தால் மனசு உற்சாகமாகும் என்று எழுதுகிறவர்கள் பெயின்டிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஆரம்பிப்பார்கள். இவர்கள் வாடகைக்கு இருக்கும், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய திருப்பூரின் லைன் வீடுகளைப் பற்றி எழுதுவதானால் வெளிச்சத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி.

பார்வைக்குக் கூம்புச் செல், குச்சிச் செல் என இரண்டு வகை என்று பள்ளியில் படித்தோம். விழித்திரையில் இன்னொரு வகைச் செல்லும் தானாகவே ஒளியை உணர்கிறது என்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழு 2002-ல் காட்டியது. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இந்தச் செல்களின் முக்கிய வேலை, வெளியே பகலா இரவா என்று, தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் மூளையின் உள்கடிகாரத்துக்குத் தெரிவிப்பது. நீல ஒளி பட்டால் இவை அதிகம் தூண்டப்படும். இவற்றிலிருந்து கிளம்பும் தனிப் பாதை ஒன்று, உள்கடிகாரத்தைத் தொடாமலேயே மனநிலையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிக்குப் போவது 2018-ல் எலிகளில் தெரியவந்தது. எலிக்குச் சரியானது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெளிச்சமும் மனசும் தூக்கத்தின் வழியாக மட்டும் இணைந்தவை அல்ல என்று நினைக்க இது வலுவான காரணம்.

2022-ல் இத்துறை வல்லுநர்கள் கூடி ஓர் அளவு சொன்னார்கள். இந்தச் செல்களின் உணர்திறனை வைத்துக் கணக்கிட்டால், பகலில் கண்ணுக்குக் குறைந்தது 250 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10-ஐத் தாண்டக் கூடாது. நம் டெய்லருக்கு நடப்பது ஏறக்குறைய தலைகீழ்: பகலில் போதாது, இரவில் அதிகம். வெட்டவெளியில் மர நிழலில் நின்றாலே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அதனால் பைசா செலவில்லாத முதல் காரியம், காலை டீயை அறைக்குள் குடிக்காமல் வாசலிலோ மொட்டை மாடியிலோ குடிப்பது. அடுத்தது, இரவு டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சளாக எரியும் சின்ன எல்.இ.டி. பல்பு போடுவது. 'வார்ம் ஒயிட்' என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். அட்டைப் பெட்டியில் 2700 அல்லது 3000 என்ற எண் இருக்கும். வழக்கமான வெள்ளை பல்பில் அது 6500.

சுவர் நிறத்தைப் பற்றி, நீலம் அமைதி தரும், மஞ்சள் மகிழ்ச்சி தரும் என்ற பட்டியல்களுக்கு ஆதாரம் பலமாக இல்லை. ஒற்றை ஜன்னல் அறையில் நிறத்தின் உபயோகம் வேறு. வெள்ளைச் சுவர் தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். அடர் பச்சையோ அடர் நீலமோ கால் பங்குகூடத் தராது. காற்றைச் சுத்தமாக்கும் என்று நம்பி மணி பிளான்ட் வாங்குவதும் வேண்டாம். நாசா 1989-ல் மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய நம்பிக்கை அது. காற்று வந்துபோகும் அறையில் நாலைந்து தொட்டிகளால் ஒன்றும் ஆகாது. பச்சையாக எதையாவது பார்ப்பதற்கு மட்டும் தனி மதிப்பு உண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேரின் மருத்துவமனைப் பதிவேடுகளை ரோஜர் அல்ரிச் ஒப்பிட்டு 1984-ல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. மற்றவர்களின் ஜன்னலுக்கு வெளியே இருந்தது ஒரு செங்கல் சுவர். லைன் வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் பெரும்பாலும் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் காம்பவுண்டின் சுவர்தான். 2015 முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் லட்சக்கணக்கில் மரக்கன்று நட்டுவரும் ஊரில், காம்பவுண்டு வாசலுக்கு ஒரு புங்கன் கேட்பது பேராசை ஆகாது.

இவ்வளவுக்கு நடுவிலும் அந்த அறைகளை ஜனங்கள் அழகாக வைத்திருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய கட் பீஸ்களை ஒட்டுப் போட்டு, ஓரத்தை ஓவர்லாக் அடித்த திரை. பாதி சாம்பல், பாதி நேவி ப்ளூ. பனியன் வேஸ்ட்டைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் பின்னிய மிதியடி. திரையை மாட்ட ஆணி இருக்காது. ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டிருக்கும். ஏனென்றால் வீடு கேட்டுப் போகும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்: "சுவத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாதுங்க."

எனக்கு இந்தத் தடைதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய குறையாகப் படுகிறது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் அறையைவிடச் செடியும் படமும் வைத்த அறையில் வேலைத்திறன் 17 சதவீதம் கூடியது. அதே செடியையும் படத்தையும் அவரவர் இஷ்டப்படி வைக்க விட்டபோது 32 சதவீதம். வைத்து முடித்ததை ஆய்வாளர் வந்து மாற்றிவைத்ததும் அந்தப் பலன் போய்விட்டது. பொருள்கள் அவைதான்; வைத்த கைதான் வேறு. அலுவலக அறைகளில் செய்த சோதனை என்றாலும், நாள் முழுக்க இன்னொருவர் வகுத்த டார்கெட்டுக்குத் தைத்துவிட்டு வருகிறவருக்குத் தன் இஷ்டம் செல்லுபடியாகும் ஓர் இடம் எவ்வளவு தேவை என்பதை யோசிக்க இது போதும்.

பூச்சு உதிரும் என்று வீட்டுக்காரர் பயப்படுவதும் நியாயமே. அதற்கு வழி இருக்கிறது. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அறைக்கு ஒரு சுவரில் ஆறடி நீள மர ரீப்பர் ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டால் போதும். குடிவருகிறவர் சாமி படமோ பிள்ளையின் போட்டோவோ அந்தக் கட்டையில் ஆணி அடித்து மாட்டிக்கொள்வார். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவார். கம்பெனி விடுதி நடத்துகிறவர்களும் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் இப்படி இரண்டடிக் கட்டை ஒன்று வைத்துக்கொடுக்கலாம்.