உடைந்த எழுத்தும் ஒரு பிள்ளையின் பெயரும்

எங்கள் மலரில் இடம்பெறும் மாணவியர் பெயர்ப் பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்தது. வகுப்பு வகுப்பாக வந்த கோப்புகள் ஒரே ஸிப் கோப்பில் இருந்தன. அவற்றைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்துப் படித்து ஒன்றுசேர்க்க, பைதன் மொழியில் சிறு செய்நிரல் எழுதினேன். ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை.

கலேவெல நகரத்து அச்சகத்துக்குக் கொடுக்கப் போகும் நேரத்தில்தான் கவனித்தேன். ஒரேயொரு பாத்திமாவின் பெயரில், ஓர் எழுத்தின் இடத்தில் கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறிகள்! மற்றப் பாத்திமாக்கள் எல்லோரும் சரியாகவே இருந்தனர்.

காரணம் இதுதான். யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்றுகள் வேண்டும். ‘தி’ என்பது ‘த’வும் விசிறியும் சேர்ந்தது, எனவே ஆறு பைற்றுகள். என் செய்நிரல் தரவை 1024 பைற்றுத் துண்டுகளாக வாங்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக்கியது. 1024 மூன்றால் மீதியின்றி வகுபடாது. துண்டின் எல்லை ஓர் எழுத்தின் நடுவே விழுந்தால், பாதி இங்கும் மீதி அங்கும் போய்விடும். இரண்டையும் கணினிக்கு வாசிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைற்று என்பதால், என் சோதனையில் எதுவும் உடையவில்லை.

தவறான எழுத்துகளை விட்டுவிடும்படி கட்டளையிட்டுப் பார்த்தேன். கேள்விக்குறி மறைந்தது, எழுத்தும் சேர்ந்தே மறைந்தது. அது திருத்தமல்ல, மூடிமறைப்பு. சரியான வழி இரண்டு. சிறிய கோப்பென்றால் எல்லாப் பைற்றுகளையும் முதலில் சேர்த்துவிட்டு ஒரே தடவையில் எழுத்தாக்கலாம். பெரிய கோப்பென்றால், எஞ்சிய பைற்றை அடுத்த துண்டு வரும்வரை வைத்திருக்கும் ‘இன்கிரிமெண்டல் டிகோடர்’ வேண்டும். நான் முதல் வழியை எடுத்தேன். பெயர் முழுமையாக வந்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் அடையாளத்தைப் பாருங்கள். அங்கொன்று இங்கொன்றாக உடைந்தால் துண்டாக்கலைச் சந்தேகியுங்கள். பக்கம் முழுவதும் தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், யுடிஎஃப்-8 கோப்பை வேறு முறையில் படித்திருக்கிறீர்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கலாம்; யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். எதைச் செய்தாலும் தமிழிலேயே சோதியுங்கள்.

மலரைக் கையில் எடுக்கும் உம்மா முதலில் தேடுவது தன் பிள்ளையின் பெயரைத்தான். அந்தப் பெயர் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதில் ஒரு பைற்றுகூடக் குறையக்கூடாது.