குரலும் தொனிக் குமிழும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுவோர் அலிபிரியில் முதற்படியைத் தொட்டு வணங்கிப் புறப்படுவர். 3,500-க்கும் மேற்பட்ட படிகள் உள்ள அவ்வழியில் ஒலிபெருக்கியிலிருந்து மிதந்துவரும் பாட்டு களைப்பை மறக்கச் செய்யும். அதே பாட்டைத் தில்லியிலோ நாகபுரியிலோ வீட்டில் வைத்துக் கேட்போர் சிலர், "மலையடியில் கேட்டதுபோல் இல்லையே" என்று குறைப்படுவதுண்டு. ஒலிப்பதிவு ஒன்றேதான், வேறுபடுவது தொனி. அதனைத் திருத்தும் குமிழ்கள் ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் இருந்தும், அவற்றின் பயனை அறிந்து திருப்புவோர் சிலரே.

எம்.எஸ். சுப்புலட்சுமியும் ராதா விசுவநாதனும் பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்வோம். 1963-ஆம் ஆண்டு ஹெச்.எம்.வி. இசைத்தட்டாக அது வெளிவந்தது. நம் செவி உணரக்கூடியது வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகள். பாடகியரின் சுருதி இதில் சில நூறு அதிர்வுகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆயினும் நாதத்தைச் சொல்லாக்கும் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2,000-க்கு மேலே இருக்கிறது. ஸகரம் போன்ற சீறொலிகள் 4,000-ஐயும் தாண்டும். 'பாஸ்' எனப்படும் குமிழ் அடிப்பகுதியையும், 'ட்ரெபிள்' எனப்படுவது மேற்பகுதியையும் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

திறந்தவெளியில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி, அடிப்பகுதியை ஏறத்தாழ முழுவதும் விட்டுவிட்டு நடுப்பகுதியை ஓங்கி ஒலிக்கிறது. இசைக்கு அது இழப்பு. மிருதங்கத்தின் தொப்பி அதில் கேட்காது. ஆனால் சொற்கள் தெளிவாக நெடுந்தூரம் செல்லும். வீட்டிலோ, பெரிய ஒலிப்பெட்டியை அறையின் மூலையில் வைத்து, 'பாஸ்' குமிழையும் முழுவதும் திருப்பிவிடுகிறோம். சுவர்கள் தாழ்ந்த ஒலியை மேலும் பெருக்குகின்றன. தம்புராவின் ரீங்காரம் முழக்கமாகி, சொற்கள் அதற்குள் அமிழ்கின்றன. ஆகவே குமிழைத் தொடுமுன் பெட்டியை மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி நகர்த்திப் பார்க்க வேண்டும். செலவில்லாத மருத்துவம் அது.

தொனித் திருத்தம் என்பது இயற்கைக்கு மாறானது என்று சிலர் கருதுவர். உண்மை வேறு. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தில் இடிக்கும். எனவே பதிவின்போதே அவற்றைக் குறைத்து, மேல் ஒலிகளைக் கூட்டி விடுகின்றனர். இசைக்கும் கருவி அதனை நேர்மாறாகத் திருப்புகிறது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற்சங்கம் 1954-இல் வகுத்த அளவு பின்னர் உலகெங்கும் பரவியது. அதன்படி 50 அதிர்வுள்ள ஒலி, இசைக்கும்போது சுமார் 17 டெசிபெல் உயர்த்தப்படுகிறது. 10,000 அதிர்வுள்ளது சுமார் 14 டெசிபெல் தாழ்த்தப்படுகிறது. தட்டின் கீறல் இரைச்சலும் இதனால் உடன் தாழும். 'ஈக்குவலைசர்' என்ற பெயரே, நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியில் தேய்ந்துபோன ஒலிகளை ஈடுசெய்து சமன்படுத்தியதால் வந்தது. வீட்டுக் கருவிகளில் பரவிய இரு குமிழ் அமைப்பில் புகழ்பெற்றது, பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1952-இல் வெளியிட்டது.

இனி நடைமுறை. கூட்டுவதைவிடக் குறைப்பது மேல். 3 டெசிபெல் கூட்டினால் கருவி இருமடங்கு ஆற்றல் தர வேண்டும். 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு. சிறிய கருவி அதற்குத் தாங்காது, கரகரக்கும். சொல் தெளியவில்லையெனில் ட்ரெபிளைக் கூட்டுமுன் பாஸைக் குறைத்துப் பாருங்கள். பத்துப் பட்டைகள் உள்ள ஈக்குவலைசராயின் 125, 250 என்று குறித்தவற்றை இரண்டு மூன்று டெசிபெல் இறக்கினால் போதும். சீறொலி காதைக் குத்தினால் 8,000 என்பதைச் சிறிது தாழ்த்தலாம். கைப்பேசியில் 'ராக்', 'ஜாஸ்' என்று பெயரிட்ட அமைப்புகள் நம் கச்சேரியை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவையல்ல. எல்லாப் பட்டைகளையும் சமநிலையில் வைத்துத் தொடங்குவதே முறை.

பதிவில் இல்லாததை எந்தக் குமிழும் தராது. மத்திய அலை வானொலியில் 5,000 அதிர்வுக்கு மேல் வந்துசேர்வது மிகச் சொற்பம். அங்கே 16,000 பட்டையை ஏற்றினால் கிடைப்பது இரைச்சலே.

விடியற்காலையில் அண்டை வீட்டாரை எழுப்பாமல் மெல்ல வைத்துக் கேட்போருக்கு ஒன்று கூற வேண்டும். ஒலியளவு தாழும்போது நம் செவி அடிப்பகுதியையே முதலில் இழக்கிறது. பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-இல் இதனை அளந்து காட்டினர். அப்போது மட்டும் பாஸைச் சற்றுக் கூட்டலாம். ஒலியை உயர்த்தியதும் மறவாமல் இறக்கிவிட வேண்டும்.

பெற்றோர் உடனிருக்கும் இல்லங்களில் வழக்கு வேறு. "சத்தமாக வை" என்பார் மாமனார். "காது அடைக்கிறது" என்பாள் மருமகள். இருவர் சொல்வதும் மெய். முதுமையில் மேல் ஒலிகளே முதலில் மங்குகின்றன. ஒலியளவைக் கூட்டினால் உயிரெழுத்துகள்தாம் முழங்கும். மெய்கள் மங்கியே நிற்கும். ஒலியளவைக் குறைத்து, 2,000, 4,000 பட்டைகளை மூன்று நான்கு டெசிபெல் ஏற்றினால் பெரியவருக்குச் சொல் புரியும், மற்றவருக்கும் தொல்லையில்லை. கேள்விக் குறை மிகுந்தால் காது மருத்துவரையே நாட வேண்டும்.

குழந்தைகளின் செவியையும் கருத வேண்டும். மார்கழியில் திருமலைச் சந்நிதியில் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகிறது. நம் வீடுகளிலும் அப்போது அதுவே ஒலிக்கும். பள்ளியில் இந்தியோ மராத்தியோ பேசும் பிள்ளைக்கு ழகர ளகர வேறுபாட்டைக் காட்டுவது பெரும்பாலும் இத்தகைய ஒலிகளே. அவ்வேறுபாட்டை உணர்த்தும் நயம் முக்கியமாக 1,500 முதல் 3,000 வரையுள்ள பகுதியில் இருக்கிறது. ஒரு பாசுரத்தை வைத்து, ழகரம் வரும் சொல்லைப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். அது லகரமாகவே திரும்பி வந்தால், பிள்ளையைக் கடியுமுன் பாஸ் குமிழைக் குறைத்து மறுமுறை வையுங்கள்.