தரவுத்தள வழங்கியில் செயல்முறைகள் காத்திருப்பது ஏன்?

தரவுத்தள வழங்கி என்பது தகவல்களை ஒழுங்குபடுத்திச் சேமித்து வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கணினி அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இதைச் சர்வர் என்கிறோம். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, பட்டா, குடும்ப அட்டை, தேர்வு முடிவு ஆகிய எல்லாவற்றின் பின்னாலும் இப்படி ஒரு வழங்கி இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் இ-சேவை மையத்துக்குப் போனவர்களுக்கு "சர்வர் ஸ்லோ" என்ற பதில் பழக்கமானது. ஆனால் அந்தப் பதில் எதையும் விளக்குவதில்லை. வழங்கி மெதுவாகும்போது, அதனுள் இருக்கும் செயல்முறைகள் பெரும்பாலும் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கின்றன. எதற்காக என்று தெரிந்தால்தான் அதற்கு ஏற்ற தீர்வு தெரியும்.

செயல்முறை என்றால் என்ன?

இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குச் செயல்முறை என்று பெயர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருள். அதில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு செயல்முறை தனியாக ஒதுக்கப்படுகிறது. பயனர் அனுப்பும் வினவலைப் படித்து, தகவலைத் தேடி, விடையைத் திருப்பி அனுப்புவது அதன் வேலை.

ஒரு வினவலுக்கு ஆகும் நேரத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று வேலை நேரம். மற்றொன்று காத்திருப்பு நேரம். விடை வர 5 நொடி ஆனது என்றால், உண்மையான கணக்கீடு அதில் நொடியில் நூறில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். மீதி முழுவதும் காத்திருப்பு. வேலை நேரத்தைக் குறைக்க வேகமான கணினி உதவும். காத்திருப்பைக் குறைக்க அதன் காரணத்தை அறிய வேண்டும்.

தட்கல் முன்பதிவு: நாம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு

இந்திய ரயில்வேயில் கணினி வழி முன்பதிவு 1985இல் புது தில்லியில் தொடங்கியது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களின் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 2002 முதல் ஐஆர்சிடிசி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பயணச்சீட்டு எடுக்க முடிகிறது.

தட்கல் முன்பதிவு, ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலையில் திறக்கிறது. குளிர்சாதன வகுப்புகளுக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி. ஈரோட்டிலிருந்து சேலம் வழியாகச் சென்னை செல்லும் ஏற்காடு விரைவு ரயிலில் தூங்கும் வசதிப் படுக்கை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 11 மணிக்குச் சேலம் சந்திப்பின் முன்பதிவுச் சாளரத்தில் ஒருவர் நிற்கிறார். திருச்செங்கோட்டில் ஒருவர் கைப்பேசியில் அழுத்துகிறார். சங்ககிரியில் இன்னொருவர் கணினி முன் அமர்ந்திருக்கிறார். மருத்துவமனைக்கோ வேலை நேர்காணலுக்கோ போக வேண்டியவர்களும் அவர்களில் இருக்கலாம். எல்லாருக்கும் வேண்டியது அதே ரயில், அதே நாள், அதே வகுப்பு.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயணிகள் காத்திருப்போர் பட்டியல் என்பது படுக்கை தீர்ந்துபோனதால் வருவது. நாம் இக்கட்டுரையில் பேசுவது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் வழங்கிக்குள் நிகழும் காத்திருப்பைப் பற்றி. ஒரு படுக்கையை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்ற விதி இருக்கும் எந்த அமைப்பிலும் அது நிகழும்.

காத்திருப்பின் வகைகள்

1. மையச் செயலகத்துக்கான காத்திருப்பு. கணினியில் 8 கருக்கள் இருந்தால் ஒரு நேரத்தில் 8 செயல்முறைகள்தாம் ஓட முடியும். ஒன்பதாவது தன் முறை வரும்வரை நிற்க வேண்டும்.

2. வட்டுக்கான காத்திருப்பு. தேவையான தகவல் நினைவகத்தில் இல்லையென்றால் வட்டிலிருந்து படிக்க வேண்டும். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்வட்டில் அரைச் சுற்றுக்கே 4 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. அதாவது 40,000 மடங்கு. மேசை மேலிருக்கும் புத்தகத்தை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்றால், வட்டிலிருந்து எடுப்பது 11 மணி நேரத்துக்கு மேல் நடந்து போய் எடுத்து வருவதற்குச் சமம். சுழலாத திண்ம நிலை வட்டுகள் இந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்துள்ளன, ஆனால் இல்லாமலாக்கவில்லை.

3. பூட்டுக்கான காத்திருப்பு. ஒரு பதிவை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவர் அதை மாற்ற முடியாதபடி தரவுத்தளம் பூட்டிவிடுகிறது. முதலாமவர் தம் வேலையை உறுதிசெய்த பிறகோ கைவிட்ட பிறகோதான் அடுத்தவருக்கு வழி. மீதமுள்ள படுக்கைகளின் எண்ணிக்கை ஒரே பதிவில் இருந்தால், 11 மணிக்கு வந்த அத்தனை பேரும் அந்த ஒரு பதிவின் வாசலில்தான் நிற்பார்கள். அப்போது வட்டும் மையச் செயலகமும் சும்மா இருக்கலாம். ஆனாலும் வேலை நகராது.

4. பதிவேட்டுக்கான காத்திருப்பு. ஒரு மாற்றம் உறுதியானது என்று சொல்லும் முன், அதைப் பற்றிய குறிப்பை வட்டிலுள்ள நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதி முடிக்க வேண்டும். அடுத்த நொடியே மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைக் கொண்டு தகவலை மீட்டுவிடலாம். முன்னெழுதும் பதிவேடு என்னும் இம்முறையை அடித்தளமாகக் கொண்ட ஏரீஸ் என்ற மீட்பு வழிமுறையை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 1992இல் வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மாடன் ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். பணம் செலுத்தியபின் "வெற்றி" என்ற செய்தி வரச் சற்று நேரமாவதில் இந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு. இது நம் பாதுகாப்புக்கான காத்திருப்பு.

5. உட்பூட்டுக்கான காத்திருப்பு. நினைவகத்திலுள்ள பொதுப் பட்டியல்களைப் பல செயல்முறைகள் ஒரே கணத்தில் தொடாமல் காக்க, மிகக் குறுகிய நேரமே பிடித்திருக்கும் சிறு பூட்டுகள் உள்ளன. கூட்டம் மிகும்போது இவையும் நெரிசலாகின்றன.

6. பயனருக்கான காத்திருப்பு. விடையை அனுப்பிவிட்டு அடுத்த கட்டளைக்காகச் செயல்முறை நிற்கிறது. இது பழுதன்று. ஆனால் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நின்றால் ஆபத்து. அலுவலகத்தில் பதிவேட்டைத் தம் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போவது போன்றது அது. அவர் திரும்பும்வரை வரிசை நகராது.

முட்டுநிலை

ராசிபுரத்திலுள்ள எழுத்தர் முதல் கணக்கிலிருந்து இரண்டாம் கணக்குக்கு 500 ரூபாய் மாற்றுகிறார். அதே கணத்தில் ஆத்தூரிலுள்ள எழுத்தர் இரண்டிலிருந்து ஒன்றுக்கு 300 ரூபாய் மாற்றுகிறார். முன்னவர் முதல் கணக்கைப் பூட்டிவிட்டு இரண்டாவதற்காக நிற்கிறார். பின்னவர் இரண்டாவதைப் பூட்டிவிட்டு முதலாவதற்காக நிற்கிறார். இந்தக் காத்திருப்பு தானாக முடியாது. இதை முட்டுநிலை என்பர். போஸ்ட்கிரெஸில் ஒரு செயல்முறை பூட்டுக்காக ஒரு நொடி காத்திருந்த பிறகு, முட்டுநிலை உண்டா என்று சோதிக்கப்படும். உண்டு என்றால் ஒரு வேலை கைவிடப்பட்டு மற்றது விடுவிக்கப்படும். எப்போதும் சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்ட வேண்டும் என்று நிரலில் ஒழுங்கு வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

கூட்டம் கொஞ்சம் கூடினால் தாமதம் ஏன் பல மடங்காகிறது?

தொலைபேசி இணைப்பகங்களின் நெரிசலைப் பற்றி டென்மார்க் நாட்டு ஏர்லாங்கு 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு வளர்ந்தது. அதன் எளிய வடிவம் இது: வேலை முடிய ஆகும் மொத்த நேரம் = வேலை நேரம் ÷ (1 − பளு). கோரிக்கைகள் முன்பின்னாக வந்து, ஒரே இடத்தில் ஒவ்வொன்றாகக் கவனிக்கப்படும்போது சராசரிக்கு இது பொருந்தும்.

வேலை நேரம் 10 மில்லி நொடி என்க.
பளு 50 விழுக்காடு என்றால் மொத்தம் 20 மில்லி நொடி.
பளு 80 விழுக்காடு என்றால் 50 மில்லி நொடி.
பளு 90 விழுக்காடு என்றால் 100 மில்லி நொடி.
பளு 95 விழுக்காடு என்றால் 200 மில்லி நொடி.

பளு 90இலிருந்து 95க்குப் போனபோது கூடியது 5 விழுக்காடுதான், தாமதமோ இரட்டிப்பாகிவிட்டது. நேற்றுவரை நன்றாக ஓடிய வழங்கி கடைசி நாளில் திடீரெனத் திணறுவதற்கு இதுவே காரணம்.

காரணத்தைக் கண்டறிதல்

ஆரக்கிள் தரவுத்தளம் 1990களில் புழங்கிய தன் ஏழாம் பதிப்பிலேயே ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு பெயர் சூட்டி, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸில் 2016இல் வெளிவந்த 9.6 பதிப்பு முதல், பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்னும் பட்டியலைக் கேட்டால் எந்தச் செயல்முறை எந்த வகைக் காரணத்துக்காக நிற்கிறது என்று தெரியும். காரணத்துக்கு ஏற்பத் தீர்வும் மாறும்.

வட்டுக்காக நின்றால் சுட்டெண் அமைக்கலாம், நினைவகத்தைக் கூட்டலாம். பூட்டுக்காக நின்றால் பிடித்திருப்பவரின் வேலையைச் சுருக்க வேண்டும்; அங்கே விலை உயர்ந்த கணினி வாங்குவது வீண் செலவு. பதிவேட்டுக்காக நின்றால் பல சிறு மாற்றங்களைச் சேர்த்து ஒரே முறையில் உறுதிசெய்யலாம். மையச் செயலகத்துக்காக நின்றால் இணைப்புகளைக் கூட்டுவது நெரிசலையே கூட்டும். இணைப்புகளைக் குறைத்து, வந்தவர்களை வெளியே வரிசையில் நிறுத்தி, ஒருவர் முடித்த இணைப்பை அடுத்தவருக்குக் கொடுப்பது நல்லது. கூட்டத்தையே குறைக்க முடியாதபோது நேரத்தைப் பிரிக்கலாம். தட்கலில் குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று வைத்திருப்பதால் இரு கூட்டங்களும் ஒரே நிமிடத்தில் மோதுவதில்லை.

மாணவர்கள் செய்து பார்க்க

போஸ்ட்கிரெஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கணினியில் நிறுவி, இரண்டு மூன்று பதிவுகள் கொண்ட ஓர் அட்டவணை உருவாக்குங்கள். மூன்று சாளரங்களில் தரவுத்தளத்தோடு இணையுங்கள். முதல் சாளரத்தில் பிகின் கட்டளை கொடுத்து, ஒரு பதிவை மாற்றி, கமிட் கொடுக்காமல் விடுங்கள். இரண்டாம் சாளரத்தில் அதே பதிவை மாற்ற முயலுங்கள். கட்டளை அப்படியே நிற்கும். மூன்றாம் சாளரத்தில் அதே பதிவைப் படித்தால், காத்திருக்காமல் பழைய மதிப்பு வரும். ஏனெனில் இந்த மென்பொருளில் சாதாரணமாகப் படிப்பவர் எழுதுபவருக்காக நிற்பதில்லை. அங்கேயே மேற்சொன்ன பட்டியலையும் கேளுங்கள். இரண்டாம் செயல்முறை பூட்டுக்காகவும், முதலாவது பயனருக்காகவும், அதாவது உங்களுக்காகவும், காத்திருப்பது தெரியும். பிறகு முதல் சாளரத்தில் கமிட் கொடுங்கள். இரண்டாம் சாளரத்தின் வேலை உடனே முடிந்துவிடும். வழங்கியின் வேகம் அதேதான். பூட்டு திறந்ததும் காத்திருப்பு நீங்கியது.