கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்!

"டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா?"

லினக்ஸ் ஏற்றப் போகிறவரிடம் கம்ப்யூட்டர் கேட்கும் கேள்வி இது. பலருக்கும் இங்கேதான் கை நடுங்கும். கல்யாணப் படம், குழந்தை படம், கடைக்கணக்கு எல்லாம் அதில்தானே இருக்கின்றன?

பயப்படாமல் ஏற்றிப் பார்க்க ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்குவதுதான் அது!

மாணவர் எழுதியது

கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும் புரோகிராமுக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். லினக்ஸுக்கு 1991-ல் அஸ்திவாரம் போட்டவர், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. அதை யாரும் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம். உபுண்டு அதில் ஒரு வகை. விலை கிடையாது.

விருந்தாளிக்குப் பாதி

"வர்ச்சுவல் பாக்ஸ்" என்ற இலவசப் புரோகிராமை முதலில் போட வேண்டும். பிறகு உபுண்டு பைலை இறக்கி, அதனிடம் காட்ட வேண்டும். மெமரி எவ்வளவு, இடம் எவ்வளவு என்று அது கேட்கும். 8 ஜி.பி. மெமரி இருந்தால், 4 கொடுக்கலாம். (சொந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மந்தமாகும். பாதிச் சோற்றை விருந்தாளிக்குப் போட்டால் வீட்டுக்காரருக்கு மீதிதானே!) இடம் 25 ஜி.பி. போதும்.

அந்த இடம் வெறும் ஒரு பைல்தான். உபுண்டுவோ அதை முழு டிஸ்க் என்றே நம்பிவிடும்! ஆகவே, அந்த ஜன்னலுக்குள் கேள்வி வந்தால், துணிந்து "சரி" சொல்லலாம். அழிவது அந்தக் காலி பைல்தான். உபுண்டு பிடிக்கவில்லையா? பைலோடு நீக்கிவிடலாம்.

அதே உபுண்டுவைப் பென் டிரைவில் போட்டு, நேரே கம்ப்யூட்டரில் ஏற்றும்போது "சரி" சொன்னால்?

கல்யாணப் படம் போய்விடும்! அதற்கு முன்பே எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் பிரதி எடுத்து, திறந்தும் பார்த்துவிட வேண்டும்.