மறுபாதியை வெறுமையாக விட்ட தாள்

சென்னை அண்ணா சாலையிலுள்ள ‘ஏ.ஜி. – டி.எம்.எஸ்.’ மெட்ரோ நிலையத்தில் ஏறி இறங்குகிறவர்களில் பலர், அப்பெயரின் முதலிரண்டு எழுத்துகள் பக்கத்திலிருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தைக் குறிப்பவை என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ‘ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ஆடிட் வருகிறது’ என்ற ஒரு வார்த்தைக்கு, ரசீதுகளும் வவுச்சர்களும் பீரோவிலிருந்து தாமாகவே எழுந்து வரிசையில் நின்ற காலத்தைச் சொல்லிச் சிரிப்பார்.

வருகிறவர்கள் யாரையும் கைது செய்வதில்லை; ஒரு ரூபாய் அபராதம் விதிக்கவும் அவர்களுக்கு அதிகாரமில்லை. நெடுக்கில் இரண்டாக மடித்த ஒரு தாளின் ஒரு பாதியில், இன்ன சாமானை இன்ன விலைக்கு வாங்கியபோது ஒப்பந்தப்புள்ளி கோராத காரணம் என்ன என்று கேள்வியை எழுதி, மறுபாதியை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ‘அரை மார்ஜின்’ என்று வழங்கும் அத்தாளில் பதில் எழுத வேண்டியவர், அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பதை அன்றுதான் உணர்வார். பதில் திருப்தியளிக்காவிட்டால் அது தணிக்கைத் தடையாகி, மேலும் வளர்ந்தால் அறிக்கையில் ஒரு பத்தியாகிச் சட்டசபைக்கோ பாராளுமன்றத்துக்கோ போய், பொதுக் கணக்குக் குழுவின் முன் துறைச் செயலாளரையே கொண்டுவந்து நிறுத்தும்.

இவர்களுக்கெல்லாம் தலைவரான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் பற்றி 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், சாசனத்தில் இடம்பெறும் அதிகாரிகளுள் அவரே மிக முக்கியமானவராக இருக்கக்கூடும் என்று அபிப்பிராயம் தெரிவித்தார். ஆகவேதான், சுப்ரீம் கோர்ட் நீதிபதியை நீக்கும் முறையிலன்றி அவரை நீக்கலாகாதென்றும், அவர் சம்பளத்தைச் சபையின் வோட்டுக்கு விடலாகாதென்றும், பதவியிலிருந்து இறங்கியபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு உத்தியோகம் ஏற்கலாகாதென்றும் 148-ஆம் ஷரத்து வேலி கட்டியது. இந்தக் கடைசி விதிதான் என் மனத்துக்கு மிகவும் உகந்தது. நாளைக்கு ஒரு நாற்காலியை எதிர்பார்க்கிறவருக்கு இன்று தாட்சண்யம் வராமலிருக்குமா? ஆனால் வேலியில் ஒரு படலைத் திறந்தே விட்டுவிட்டார்கள்: அவரை நியமிப்பவர் ஜனாதிபதி என்று சொன்ன சாசனம், தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லவில்லை, ஆக, கணக்குக் காட்ட வேண்டிய அரசாங்கமே கணக்குக் கேட்பவரைப் பொறுக்கியெடுக்கிறது.

சாதாரண நாளில் யாரும் படிக்காத இவ்வறிக்கைகளுள் ஒன்று, 2010-இல், 2ஜி ஸ்பெக்ட்ரம் ஒதுக்கீட்டில் அரசுக்கு நஷ்டம் 1,76,645 கோடி ரூபாய் என்ற தொகையோடு டீக்கடை பெஞ்சு வரை போயிற்று. அது பல வழிகளில் போட்டுப் பார்த்த அனுமானங்களுள் மிகப் பெரியது என்பதைச் சொன்னவர் சிலரே; 2017-இல் விசேஷ நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டு வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்ததும் அறிக்கையே பொய்யென்று முடிவுகட்டியவர்களோ, 2012-இலேயே சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீட்டில் தந்த 122 லைசென்ஸுகளை ரத்து செய்திருந்ததை மறந்துபோனார்கள்.

151-ஆம் ஷரத்தின்படி அறிக்கை ஜனாதிபதியிடமோ கவர்னரிடமோ சமர்ப்பிக்கப்பட்டுச் சபை முன் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பது மட்டும் அதில் இல்லை. ஆகையால், மாதக்கணக்கில் உழைத்து எழுதிய பத்திகள், கூட்டத்தொடரின் கடைசி நாளன்று, அங்கத்தினர்கள் ஊருக்கு ரயிலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் வேளையில் மேஜைமேல் வந்து விழுவது நமக்குப் பழகிப்போயிருக்கிறது.