அப்பாவைக் காணோம், சார்!

திங்கட்கிழமை காலை. பல் கூடத் தேய்க்கவில்லை. வாசலில் பக்கத்துத் தெரு நண்பர். தனியார் கம்பெனி ஒன்றில் கேஷியர். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தால்கூட ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிற ஆசாமி. அன்றைக்கு முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அப்பாவைக் காணோம், சார்!"

"ஐயையோ! எப்பலேர்ந்து?"

"நேத்து ராத்திரி படுக்கப் போறப்ப இருந்தாரு. காலையில பாத்தா இல்லை."

"வயசு என்ன?"

"எழுபத்தொன்பது... இருந்திருந்தா."

போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்ப சட்டையில் ஒரு கையை நுழைத்துவிட்ட நான், இன்னொரு கையை நுழைக்காமல் அப்படியே நின்றேன். அவருடைய அப்பா காலமாகி ஆறு வருஷம். நானே மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்!

நண்பர் செல்போனை நீட்டினார். தமிழ் விக்கிப்பீடியா. அவர் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே, அந்தப் பக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்று ஒரு அறிவிப்பு. காரணம்: 'குறிப்பிடத்தக்கமை இல்லை.'

அப்பா தெருக்கூத்துக் கலைஞர். வடக்கே, ஊர் ஊராகப் போய் துரியோதனன் வேஷம் கட்டியவர். நண்பர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்து (மூன்று மேட்ச்கள் சார், மூன்று!) அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருக்கிறார். ஒருவாரம் இருந்தது. மேலே ஏதோ எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கிறது. லோன் வேண்டுமா என்று கேட்கிற விளம்பரம் மாதிரி நினைத்து, இவர் அதைப் படிக்கவில்லை. எட்டாம் நாள் அப்பா அவுட்.

"முப்பது வருஷம் விடிய விடிய ஆடின மனுஷன் சார். குறிப்பிடத்தக்கவர் இல்லையாம்! இதைச் சொல்றதுக்கு அவன் யாரு?"

குரல் உடைந்துவிட்டது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன்.

'அவன்' யாரு?

நியாயமான கேள்வி. பதில்: அவன் நம்மை மாதிரி ஒருத்தன்தான்!

'விக்கி' என்றால் ஹவாய் மொழியில் 'சீக்கிரம்'. ஹானலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, 1995-ல் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களுக்கு அதைச் சூட்டினார். 2001 ஜனவரி 15-ல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் அதே முறையில் ஒரு கலைக்களஞ்சியத்தை ஆரம்பித்தார்கள். 2003-ல் தமிழ் வந்தது. ஆரம்பத்தில் அதைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்த கட்டடக்கலைஞர். ஆபீஸ் முடிந்த பிறகு உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதினார். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. தமிழ் விக்கிப்பீடியா 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

இதில் சம்பளத்துக்கு எழுதுகிற ஆசிரியர் குழு கிடையாது. பக்கங்களை நீக்கும் அதிகாரம் உள்ள 'நிர்வாகிகள்'கூட, எழுதுகிறவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஆட்கள்தான். நண்பரின் அப்பாவை நீக்கியவரும் பகலில் எங்கேயோ அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவராகத்தான் இருக்கும்.

"அப்ப அவர் இஷ்டத்துக்கு நீக்கலாமா?" என்றார் நண்பர். ('அவன்' 'அவர்' ஆகிவிட்டதைக் கவனிக்கவும். முன்னேற்றம்!)

வவுச்சர் எங்கே?

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்.

"நீங்க கேஷியர். நான் வந்து 'ஆயிரம் ரூபா செலவாச்சு, எழுதிக்குங்க'ன்னா என்ன கேப்பீங்க?"

"வவுச்சர்."

"நான் ரொம்ப யோக்கியன், பொய்யே சொல்ல மாட்டேன்."

"யோக்கியன்னா என்ன சார்? வவுச்சர் இல்லாம எண்ட்ரி போட முடியாது."

"உங்க கட்டுரையில வவுச்சர் எத்தனை?"

நண்பர் மௌனம். கட்டுரையில் 'கலையுலகச் சக்கரவர்த்தி' இரண்டு தடவை, 'ஈடு இணையற்ற' நான்கு தடவை. சான்று? பூஜ்யம்.

'குறிப்பிடத்தக்கமை' என்பது மனுஷனுக்குப் போடுகிற மார்க் அல்ல. அவரைப் பற்றி, அவருக்குச் சம்பந்தமில்லாத யாராவது, நம்பகமான புத்தகத்திலோ பத்திரிகையிலோ விவரமாக எழுதியிருக்கிறார்களா என்பது மட்டும்தான் கேள்வி. என்ன செய்வது, வார்த்தை கொஞ்சம் சுருக்கென்று குத்துகிற வார்த்தையாக அமைந்துவிட்டது.

இவ்வளவு கறார் எதற்கு என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2005-ல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் இஷ்டத்துக்கு எழுதி வைத்தார். கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்டதாம்! நாலு மாசத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. எழுதியவர் யார் என்று பார்த்தால், ஆபீஸ் சகாவைக் கலாய்ப்பதற்காக விளையாட்டாகச் செய்த ஒரு கம்பெனி ஊழியர்! வேலையை விட்டு விலக நேர்ந்தது. அதே டிசம்பரில், கணக்குத் தொடங்காதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை ஆரம்பிக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள்.

இன்றைக்கு ஸ்கூல் பையன் ஹோம்வொர்க்கிலிருந்து ஏ.ஐ. வரை எல்லாரும் இங்கிருந்துதான் அள்ளுகிறார்கள். தப்பான எண்ட்ரி ஒன்று விழுந்தால் ஊரெல்லாம் பாலன்ஸ் ஷீட் கோணல்தான்!

இடையில் வந்தார் புரோக்கர்

இரண்டு நாள் கழித்து நண்பர் பளிச்சென்று வந்தார்.

"சார், பிரச்னை தீர்ந்துடுச்சு! ஒருத்தர் மெயில் அனுப்பியிருக்காரு. பதினஞ்சாயிரம் குடுத்தா கட்டுரையைத் திரும்பக் கொண்டுவந்து, யாரும் நீக்காம பாத்துக்குவாராம். முக்கியமான நிர்வாகியாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிரதர்ஸ், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். விக்கிப்பீடியாவில் எந்த நிர்வாகியும் பணம் வாங்கிக்கொண்டு கட்டுரையைக் காப்பாற்றித் தர முடியாது. கட்டுரை நிராகரிக்கப்பட்டு மனசு நொந்திருப்பவர்களைத் தேடிப் பிடித்துக் காசு பறிப்பது ஒரு தனித் தொழில். 2015-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இப்படி ஒரு கும்பலைப் பிடித்து, 381 கணக்குகளை ஒரே நேரத்தில் முடக்கினார்கள். 'மாசாமாசம் காவல் கூலி கொடு' என்று கேட்கிற அளவுக்கு அவர்கள் போயிருந்தார்கள்.

"நீங்க கேஷியர். பதினஞ்சாயிரத்துக்கு ரசீது குடுப்பாரான்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து மெயிலே இல்லை.

ஒத்தாசை, ஆலமரம், மணல்தொட்டி

காசில்லாமல் உதவி கிடைக்கிற இடங்கள் உள்ளேயே இருக்கின்றன. பெயர்களைப் பாருங்கள், கிராமத்து வாசனை! சந்தேகம் கேட்க 'ஒத்தாசைப் பக்கம்'. எல்லாரும் கூடிப் பொது விஷயம் பேச 'ஆலமரத்தடி'. தப்பும் தவறுமாக எழுதிப் பழக 'மணல்தொட்டி'. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னாலேயே அதைப் பற்றி விவாதிக்க ஒரு 'உரையாடல்' பக்கம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு, புதியவர்களுக்கென்றே 2012-ல் ஆரம்பித்த 'டீஹவுஸ்' இருக்கிறது. (டீ வராது. பதில் வரும்.)

நண்பர் ஒத்தாசைப் பக்கத்தில் எழுத உட்கார்ந்தார். முதல் டிராஃப்டை என்னிடம் காட்டினார்:

'என் தந்தையை நீக்கிய அறிவிலி யார்? உடனே பதில் தேவை!!! செல் நம்பர்...'

"ஏன் சார், மேனேஜர்கிட்ட லீவு இப்படியா கேப்பீங்க?" என்றேன்.

அழித்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவு:

எந்தக் கட்டுரை, என்றைக்கு, என்ன நடந்தது - மூன்றையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். 'எல்லாம் போச்சு, ஹெல்ப் பண்ணுங்க' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

கேட்பதற்கு முன் 'வரலாறு' பகுதியைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்திலும் யார், எந்த நிமிஷம், எந்த வரியை மாற்றினார்கள் என்று டேபுக் மாதிரி பதிவாகியிருக்கும். மாற்றியவர் பெரும்பாலும் காரணமும் எழுதியிருப்பார். பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். நீக்கப்பட்ட பக்கம் நமக்குத் தெரியாவிட்டாலும் நிர்வாகிகளால் பார்க்க முடியும். அதனால் 'உழைப்பெல்லாம் சாம்பல்' என்று புலம்ப வேண்டாம்.

செல் நம்பர், வீட்டு விலாசம் போடவே கூடாது. பக்கத்தை உலகமே பார்க்கும். பிற்பாடு அழித்தாலும் வரலாற்றில் நிற்கும்.

கடைசியில் கையெழுத்து. கீபோர்டில் எஸ்கேப் பட்டனுக்குக் கீழே பாம்பு நெளிகிற மாதிரி ஒரு குறி இருக்குமே, அதை நாலு தடவை தட்டினால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும்.

மிக முக்கியம், மாற்றியவரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. அவர் நீக்க, நீங்கள் போட, அவர் நீக்க... ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் இப்படி மாற்றினால் கணக்கை முடக்கிவிடலாம். நியாயம் யார் பக்கம் என்பது அங்கே கேள்வியே இல்லை!

இன்னொன்று, அவர்களுக்கும் விதி உண்டு. 'புதியவர்களைக் கடிக்காதீர்கள்' என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். யாராவது கடித்தால், பணிவாக அதை ஞாபகப்படுத்தலாம்.

வந்தது பதில்

மறுநாள் ராத்திரி பதில் வந்தது. எழுதியவர், கட்டுரையை நீக்கிய அதே ஆசாமி!

'உங்கள் தந்தையாரின் கலைப்பணிக்கு வணக்கம்' என்று ஆரம்பித்திருந்தார். நண்பர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். அதற்கப்புறம் முகத்தில் கோபம் இல்லை.

விஷயம் இதுதான். தனிக் கட்டுரைக்கு இப்போதைக்குச் சான்று போதாது. ஆனால் உங்கள் கிராமத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு கட்டுரை இருக்கிறது. ஊரின் கூத்து மரபு பற்றி அச்சில் ஏதாவது கிடைத்தால் அங்கே சேர்க்கலாம். நீங்கள் மகன் என்பதால் நேரடியாகச் சேர்க்காமல், சான்றை உரையாடல் பக்கத்தில் வையுங்கள். வேறொருவர் சரிபார்த்துச் சேர்ப்பார். நீங்களே எடுத்த போட்டோ இருந்தால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள்.

நண்பர் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குக் கிளம்பினார். 1896-ல் திறந்த நூலகம். நாட்டில் வெளியாகிற புத்தகங்கள், பத்திரிகைகளின் பிரதி வந்து சேரவேண்டும் என்று 1954-ல் வந்த சட்டத்தின்படி ஏற்பாடு உள்ள சில நூலகங்களில் ஒன்று. இரண்டாவது சனிக்கிழமை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மூன்றாவது சனிக்கிழமை மறுபடி கன்னிமாரா. (வீட்டில் அவர் சம்சாரம் என்னைப் பார்த்த பார்வை... அதற்கும் சான்று கிடையாது!)

நாலாவது சனிக்கிழமை போன் வந்தது.

"சார்... கிடைச்சுட்டாரு."

தெருக்கூத்து பற்றிய ஒரு ஆய்வுப் புத்தகத்தில் அவர்கள் ஊர் ஜமாவைப் பற்றி ஒரு பத்தி. அதில் ஒரு வாக்கியம், துரியோதனன் வேஷத்துக்குப் பெயர் பெற்றவர் என்று அப்பாவின் பெயரோடு. ஒரே ஒரு வாக்கியம். அதை நூலகத்திலேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வந்தாராம், பக்க எண்ணோடு.

"எழுதறப்ப கை நடுங்கிச்சு சார். அப்பா செத்தப்பகூட நான் அழலை."

உரையாடல் பக்கத்தில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், வருஷம், பக்கம் எல்லாம் வைத்தார். முகம் தெரியாத யாரோ ஒருவர் இரண்டே வரியில் அதைக் கட்டுரையில் சேர்த்தார். 'ஈடு இணையற்ற' கிடையாது. 'சக்கரவர்த்தி' கிடையாது. நண்பர் காலேஜ் நாளில் எடுத்த போட்டோ ஒன்று பக்கத்தில். புஜகீர்த்தியும் கிரீடமுமாகத் துரியோதனன், வாயில் பீடியோடு ஓய்வெடுக்கிற காட்சி. அதை யார் வேண்டுமானாலும், எடுத்தவர் பெயரைச் சொல்லிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் ஏற்றிவிட்டார். ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாத உரிமம். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்து, அப்புறம்தான் பட்டனை அமுக்கினார்.

இரண்டு வரிதான். ஆனால் வவுச்சர் உள்ள இரண்டு வரி. யாரும் அசைக்க மாட்டார்கள்.

போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மனிதர் ஒத்தாசைப் பக்கத்தில் யாருக்கோ மும்முரமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு பையன் தன் தாத்தாவைப் பற்றி எழுதி, அது நீக்கப்பட்டு, கோபமாக ஆறு ஆச்சரியக்குறி போட்டிருந்தான். நண்பர் பதிலை எப்படி ஆரம்பித்திருந்தார் தெரியுமா? 'உங்கள் தாத்தாவுக்கு வணக்கம்' என்று.

எனக்குத் தொண்டை அடைத்தது. சமாளித்துக்கொண்டு, "உங்கப்பா மாதிரி ஒரு துரியோதனன் இனிமே பொறந்து வரணும் சார்" என்றேன்.

நண்பர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"சான்று இருக்கா?"